கைத்தொலைபேசியும் கடைக்கணக்கும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில், குண்டசாலைக்கு அப்பால் அமைந்துள்ளது திகன. அங்குள்ள வணிகர் ஒருவர் தமது சரக்கிருப்பையும் கடன் பற்றையும் கைத்தொலைபேசியில் பதிந்துவைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். எந்தத் தொலைபேசிக்கு ஏற்ற மென்பொருளைச் செய்விப்பது என்பதே அவர்முன் எழும் முதல் வினா. ஆண்ட்ராய்டுக்கா, ஐபோனுக்கா, அன்றி எக்கருவியிலும் திறக்கத்தக்க இணையத்தளமாகவா? ஒரு பூட்டுக்குச் செய்த திறவுகோல் மற்றொரு பூட்டைத் திறவாததுபோல, ஓர் இயங்குதளத்துக்கு எழுதிய மென்பொருள் மற்றொன்றில் இயங்காது. ஆதலால் இவ்வினா பணச்செலவோடு பிணைந்தது.

வினா புதிதன்று. 1979-ஆம் ஆண்டில் விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கென வெளிவந்தது. வணிகர் பலர் அதன்பொருட்டே அக்கணிப்பொறியை வாங்கினர். 1983-இல் ஐ.பி.எம். கணிப்பொறிக்கு லோட்டஸ் 1-2-3 வந்ததும் விசிகால்க்கின் ஆட்சி முடிந்தது. பின்னர் லோட்டஸ் நிறுவனத்தாரும் அதே சுழலில் அகப்பட்டனர். எதிர்காலம் ஓ.எஸ்.2 என்னும் இயங்குதளத்துக்கே உரியதென நம்பி அவர்கள் உழைத்திருக்க, 1990-இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 சந்தையைக் கைப்பற்றிற்று. அவர்களது மென்பொருளில் குறையிருந்ததென்று சொல்லிவிட முடியாது. தேர்ந்த தளமே பிழைத்தது.

கைத்தொலைபேசியிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் நோக்கியாவின் சிம்பியான் தளம் உலகெங்கும் பரவியிருந்தது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை பல்லாயிரவர்க்கு வேலை தந்தது. 2007-இல் ஐபோனும், அடுத்த ஆண்டில் ஆண்ட்ராய்டுத் தொலைபேசியும் தோன்றின. 2011-இல் நோக்கியா சிம்பியானைக் கைவிட்டு மைக்ரோசொப்டின் விண்டோஸ் தளத்தைத் தழுவியது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி நின்றது. இதற்கு வரித்தகராறு முதலான வேறு காரணங்களும் உண்டு. அந்த விண்டோஸ் தொலைபேசித் தளமும் நிலைக்கவில்லை. அலுவலகத்தாரின் அடையாளமாக விளங்கிய பிளாக்பெரியின் பழைய தொலைபேசிகளுக்கான சேவையோ 2022 ஜனவரி 4-ஆம் நாள் முடிவுற்றது. இத்தளங்களுக்கென்றே தமது மென்பொருளை எழுதுவித்தோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

திகனவாசிகள் இதன் மற்றொரு முகத்தையும் அறிவர். 2018 மார்ச்சில் அவ்வூரிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வன்முறையைத் தூண்டும் செய்திகள் பரவாதிருக்க, அரசாங்கம் நாடெங்கும் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றைத் தடுத்தது. தடை ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. தம் வாடிக்கையாளரின் பெயர், கட்டளை, நிலுவை யாவற்றையும் அத்தகைய உரையாடல்களிலேயே விட்டுவைக்கும் வணிகருக்கு, அப்படியொரு வாரத்தில் சொந்தக் கணக்கேடும் கைக்கெட்டாது போகக்கூடும்.

ஆகவே தளத்தைத் தேர்வதற்குமுன் கணக்கேடு எங்கே வாழ்கிறது என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். பெயர், தொகை, நாள் ஆகிய தரவுகளும், கழிவு எவ்வளவு, தவணை எப்போது என்னும் விதிகளும் ஓரிடத்தில் தனித்திருக்கட்டும். தொலைபேசியில் தோன்றுவது அவற்றைக் காட்டும் முகப்பு மட்டுமே. முகப்பைப் பிறிதொரு நாள் மாற்றலாம்.

முகப்பைப் பொறுத்தவரை, இலங்கையிற் பெரும்பாலோர் கையிலுள்ளது ஆண்ட்ராய்டுத் தொலைபேசியே. விலைப்பட்டியல் காட்டவும் கட்டளை பெறவும் மட்டுமெனில் இணையத்தளமே போதும். மலைச்சரிவில் அலைத்தொடர்பு அறும் இடங்களில் விற்பனையாளர் பற்றெழுத வேண்டுமாயின், தொலைபேசியிலேயே தங்கி இயங்கும் செயலி நன்று. ஆனால் செயலி செய்வித்ததோடு செலவு தீர்ந்துவிடாது. ஆப்பிள் தன் கடையில் செயலி வைப்போரிடம் ஆண்டுதோறும் 99 டொலர் அறவிடுகிறது. கூகிள் ஒருமுறை 25 டொலர் மட்டுமே பெறுகிறதெனினும், புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பச் செயலியைக் காலந்தோறும் திருத்துமாறு பணிக்கிறது. கட்டட வாடகைபோல இதையும் வருடச் செலவில் எழுதிக்கொள்வதே முறை.

மென்பொருள் செய்பவரோடு உடன்படிக்கை எழுதும்போது ஒரு நிபந்தனையை விடாது சேர்க்கவேண்டும். மாத இறுதியில் கணக்கு முழுவதையும், வரிக்கு ஒரு பதிவாக, எந்தக் கணிப்பொறியும் படிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துத் தரவேண்டும் என்பதே அது. அக்கோப்பின் ஒரு பிரதி கடைக்கு வெளியே, முதலாளியின் வீட்டில் இருக்கட்டும்.