லண்டன் ஏட்டில் கிடந்த இந்தியப் பணம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே பிரெட்டன் உட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள மவுண்ட் வாஷிங்டன் ஓட்டலில் 1944-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். மொத்தம் 730 பேர். நிதி மந்திரிகள், வங்கித் தலைவர்கள், பொருளாதார நிபுணர்கள், தொழில் பிரமுகர்கள் என்று பல தரப்பினரும் அதில் இருந்தார்கள். 3 வாரம் வாதாடிவிட்டு, 22-ந்தேதி ஒப்பந்தம் செய்துகொண்டு கலைந்தார்கள்.

இரண்டாவது உலகப் போர் அப்போது முடியவில்லை. போர் முடிந்த பிறகு உலக வியாபாரம் எப்படி நடக்க வேண்டும், ஒரு நாட்டுப் பணத்துக்கு இன்னொரு நாட்டில் என்ன மதிப்பு என்பதுதான் பேச்சு. இன்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் சர்வதேச நிதி நிறுவனமும் (ஐ.எம்.எப்.) உலக வங்கியும் அந்த ஓட்டலில் உருவானவைதான்.

அந்த மகாநாட்டுக்கு இந்தியாவும் போயிருந்தது. ஆனால் சுதந்திர இந்தியா அல்ல. நேருவும் படேலும் அப்போது அகமதுநகர் கோட்டையில் கைதிகளாக இருந்தார்கள்.

போனவர்கள் யார்?

இந்தியக் குழுவின் தலைவர் சர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற வெள்ளைக்காரர். வைசிராயின் நிர்வாக சபையில் நிதி இலாகா அவரிடம் இருந்தது. அரசாங்கத்தின் பொருளாதார ஆலோசகரான சர் தியோடர் கிரிகரியும் குழுவில் இருந்தார்.

மற்ற மூவரும் இந்தியர்கள். சி.டி.தேஷ்முக், 1943-ல் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் ஆனவர். ஏ.டி.ஷ்ராப், டாட்டா நிறுவனங்களில் டைரக்டராக இருந்த பம்பாய்க்காரர். மூன்றாமவர் தமிழர்: 1892-ல் கோயமுத்தூரில் பிறந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார். டெல்லி மத்திய சட்டசபைக்குத் தலைவராகவும், கொச்சி சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்தவர். தமிழிசை இயக்கத்திலும் பங்கு கொண்டவர்.

ஷ்ராப் இன்னொரு காரியத்திலும் பேர் வாங்கியவர். அதே 1944 ஜனவரியில் ஜே.ஆர்.டி.டாட்டா, ஜி.டி.பிர்லா முதலிய 8 பேர் சேர்ந்து "பம்பாய் திட்டம்" என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் ஷ்ராப்பும் ஒருவர். 15 ஆண்டில் 10 ஆயிரம் கோடி ரூபாய் செலவிட்டு, நாட்டில் தனி நபர் வருமானத்தை இரு மடங்காக்குவது திட்டத்தின் நோக்கம். 10 ஆயிரம் கோடிக்கு எங்கே போவது? அதில் ஆயிரம் கோடிக்கு அவர்கள் காட்டிய வழி, லண்டனில் இருந்த இந்தியப் பணம்.

அந்தப் பணம் வந்த வழி

போருக்கு முன்பு இந்தியாதான் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்தது. போர் வந்ததும் கணக்கு தலைகீழாயிற்று.

ராணுவத்துக்குத் துணி, பூட்ஸ், கூடாரம், கோணிச் சாக்கு, தானியம் எல்லாம் இந்தியாவில் வாங்கினார்கள். செலவில் ஒரு பகுதி இந்தியாவைச் சேர்ந்தது. மற்றதைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஆனால் ரொக்கமாகக் கொடுக்கவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுண்டுக் கணக்கில் வரவு வைத்தார்கள். அந்த வரவை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு வெளியிட்டது. அந்த நோட்டைக் கொண்டு இங்கே சரக்கு வாங்கப்பட்டது.

கூலியைக் கையில் தராமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் மேஸ்திரியை வேலைக்குப் போனவர்கள் அறிவார்கள். ஏறக்குறைய அந்தக் கதைதான் இது.

இதன் பலன் என்ன? போர்க் காலத்தில் புழக்கத்தில் இருந்த நோட்டு ஏறத்தாழ 6 மடங்காயிற்று. கடையில் சரக்கோ குறைந்தது. விலை ஏறியது. பம்பாயில் 1943-ல் ரேஷன் வந்தது. அதே ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது கணக்கு. பர்மா அரிசி வராமல் போனது, 1942 அக்டோபரில் அடித்த புயல், அதிகாரிகளின் அலட்சியம் என்று பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. போர்ச் செலவால் ஏறிய விலைவாசியும் அதில் ஒன்று. மாதச் சம்பளக்காரனும் கூலிக்காரனும் அரைவயிறு உண்டு மிச்சப்படுத்திய பணம்தான் லண்டன் ஏட்டில் ஏறியது என்றால் தவறில்லை.

போர் முடிந்தபோது அந்த வரவு சுமார் 130 கோடி பவுண்டு. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற அன்றைய விகிதத்தில், ஏறத்தாழ 1,733 கோடி ரூபாய்!

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? எந்திரம் வாங்க வேண்டுமானால் அன்று அமெரிக்காதான் கதி. அமெரிக்கா கேட்பது டாலர். பவுண்டை டாலராக மாற்ற லண்டன் தாராளமாக அனுமதிக்கவில்லை. அதற்கும் மேலே, இந்தியாவைக் காப்பாற்றிய செலவு என்று எதிர்க்கணக்குக் காட்டிக் கடனைக் குறைக்க வேண்டும் என்பது பிரதமர் சர்ச்சிலின் எண்ணம்.

மகாநாட்டில் நடந்த வாதம்

மகாநாட்டில் 2 பேருடைய யோசனைகள் மோதின. ஒருவர் பிரிட்டனின் கெயின்ஸ். உலகப் புகழ் பெற்ற பொருளாதார மேதை. மற்றவர் அமெரிக்க நிதி இலாகாவைச் சேர்ந்த ஹாரி டெக்ஸ்டர் ஒயிட். மேதை கெயின்ஸ்தான், ஆனால் தங்கம் அமெரிக்காவிடம் இருந்தது. ஆகவே பெரும்பாலும் ஒயிட் சொன்னதே நடந்தது. ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்றும், மற்ற நாட்டு நாணயங்களின் மதிப்பை அதை ஒட்டி நிர்ணயிப்பது என்றும் முடிவாயிற்று.

நிதி நிறுவனம் என்பது ஒரு வகையில் சீட்டுக் கட்டுவது போன்றது. ஒவ்வொரு நாடும் தன் பங்கைக் கட்ட வேண்டும். பொதுவாகக் கால் பங்கு தங்கம், மீதி சொந்த நாணயம். கஷ்டம் வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொண்டு பிறகு திருப்பிக் கட்டலாம். யார் அதிகம் கட்டுகிறார்களோ அவர்களுக்கு ஓட்டும் அதிகம்.

இந்தியக் குழு 3 விஷயங்களை வற்புறுத்தியது.

முதலாவது, பின்தங்கிய நாடுகளை முன்னேற்றுவதும் நிதி நிறுவனத்தின் நோக்கங்களில் ஒன்று என்று விதியிலேயே எழுத வேண்டும். இரண்டாவது, லண்டனில் முடங்கிய பணத்தில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்ற வழி செய்ய வேண்டும். மூன்றாவது, இந்தியாவின் அளவுக்குத் தக்க பங்கும், நிர்வாகக் குழுவில் இடமும் வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையில்தான் சூடு பறந்தது. வங்கியில் 10 லட்சம் டாலர் வைத்திருக்கிறான் ஒருவன். ஆனால் டாக்சிக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. எங்களை அந்த நிலையில் நிறுத்துகிறீர்கள் என்று ஷ்ராப் கேட்டார்.

பிரிட்டன் இணங்கவில்லை. போர்க் காலத்தில் இந்தியா செய்த உதவிக்குக் கெயின்ஸ் நன்றி தெரிவித்தார். ஆனால் இது சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், உரிய காலத்தில் கவுரவமாகத் தீர்ப்போம் என்றார். போர்க் கடனைத் தீர்க்க அல்ல இந்த நிறுவனம் என்று அமெரிக்காவும் கைவிரித்தது.

அவர்கள் சொன்னதிலும் கணக்கு இருந்தது. நிதி நிறுவனத்தின் மொத்தப் பங்கே 880 கோடி டாலர்தான். போர் முடிந்தபோது இந்தியாவின் வரவு மட்டும் டாலரில் 520 கோடிக்கு மேல். அவ்வளவையும் அங்கே கொண்டு வந்தால் நிறுவனம் தாங்காது. ஆனால் இந்தியா அவ்வளவையும் கேட்கவில்லை. ஒரு பகுதியைத்தான் கேட்டது. அதுவும் கிடைக்கவில்லை.

கிடைத்தது என்ன?

பின்தங்கிய நாடுகள் என்ற சொல் நிதி நிறுவன விதியில் தனியாக ஏறவில்லை. எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளத்தையும் பெருக்குவது என்று பொதுவாக எழுதினார்கள். உலக வங்கியின் விதியில் மட்டும் வளர்ச்சி குறைந்த நாடுகளைப் பற்றிய குறிப்பு இடம் பெற்றது.

பங்கு விஷயத்தில் இந்தியாவுக்கு 40 கோடி டாலர் கிடைத்தது. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா, பிரான்சுக்கு அடுத்து 6-வது இடம். முதல் 5 நாடுகளுக்கே நிர்வாகக் குழுவில் நிரந்தர இடம். பிறகு சோவியத் யூனியன் சேராமல் ஒதுங்கிக்கொண்டது. அதனால் இந்தியா 5-வது இடத்துக்கு வந்து, சுதந்திரம் வருவதற்கு முன்பே அந்த இடத்தைப் பெற்றுவிட்டது.

டாலரிலே 30 சதவீதம் போயிற்று

1947 ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆனார். நவம்பர் 26-ந்தேதி முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். பிரெட்டன் உட்சில் கேட்டுக் கிடைக்காத பணத்தை இப்போது லண்டனிடம் தவணை தவணையாகக் கேட்க வேண்டியதாயிற்று.

1947 ஒப்பந்தத்தின்போது பாக்கி சுமார் 116 கோடி பவுண்டு. உடனே செலவழிக்க விட்டது அதில் ஆறரைக் கோடிதான். 1948 ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ் ராணுவம் இங்கே விட்டுச் சென்ற தளவாடங்களுக்காகச் சுமார் 10 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. ஓய்வு பெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனுக்கும் ஒரு பெரும் தொகை போயிற்று.

1949 செப்டம்பரில் இன்னொரு அடி விழுந்தது. பிரிட்டன் தன் நாணய மதிப்பைக் குறைத்தது. ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர் என்பது 2.80 டாலர் ஆயிற்று. ஏட்டில் ஒரு பவுண்டு கூடக் குறையவில்லை. ஆனால் மிச்சம் இருந்த பணத்தின் டாலர் மதிப்பில் 30 சதவீதம் ஒரே நாளில் போய்விட்டது! ஷ்ராப் டாக்சிக் கதை சொன்னதற்கு 5 ஆண்டுக்குப் பின் இது நடந்தது. ரூபாயின் மதிப்பையும் பவுண்டோடு சேர்த்துக் குறைக்க வேண்டி வந்தது.

எல்லாம் வீண் என்று சொல்வதற்கில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு உணவு தானியமும் எந்திரங்களும் இறக்குமதி செய்ய இந்தப் பணம் உதவியது.

அதற்குச் சற்று முன்பு, 1949 ஆகஸ்டில், இந்தியா உலக வங்கியிடம் முதல் கடன் வாங்கியது. 3 கோடியே 40 லட்சம் டாலர். எதற்கு? ரெயில்வேக்கு. போரின்போது இந்திய என்ஜின்களும் வேகன்களும் மத்திய கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. இங்கே மிஞ்சியவை ஓடி ஓடித் தேய்ந்தன. புது என்ஜின்களும் உதிரி பாகங்களும் வாங்க டாலர் வேண்டியிருந்தது. சொந்தப் பணம் லண்டனில் கிடக்க, வாஷிங்டனில் வட்டிக்கு வாங்க நேர்ந்தது.

இன்றைக்கும் அதே கேள்வி

35 டாலருக்கு ஒரு அவுன்ஸ் தங்கம் என்ற ஏற்பாட்டை 1971 ஆகஸ்ட் 15-ந்தேதி அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் நிறுத்தினார். நிதி நிறுவனமும் உலக வங்கியும் நிலைத்துவிட்டன.

1991-ல் இந்தியாவிடம் அன்னியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலை வந்தது. சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, பாங்க் ஆப் இங்கிலாந்திடமும் பாங்க் ஆப் ஜப்பானிடமும் ஈடாக வைத்துக் கடன் வாங்கினார்கள். ஒரு காலத்தில் பிரிட்டனுக்கே கடன் கொடுத்த நாடு, லண்டனுக்குத் தங்கத்தைத் தூக்கிச் சென்றது. அந்த ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு தடவை குறைக்கப்பட்டது. நிதி நிறுவனத்திடமும் கடன் வாங்கப்பட்டது.

இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று ஒதுக்க முடியாது. ரூபாய் மதிப்பு இறங்கினால் இறக்குமதியாகும் எண்ணெய் விலை ஏறும். லாரி வாடகை ஏறும். அரிசி, பருப்பு விலை ஏறும். பஞ்சப்படி உள்ளவனுக்குச் சில மாதம் கழித்தாவது கொஞ்சம் கூடும். அன்றாடக் கூலிக்காரனுக்கு அதுவும் இல்லை. ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலும் 1971 முதல் தொழிலதிபர்கள் கூடிப் பேசி வருகிறார்கள். பிறகு தலைவர்களும் மந்திரிகளும் அங்கே சேர்ந்துகொண்டார்கள். படங்கள் நிறைய வருகின்றன. ஆனால் அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு இருப்பது நிதி நிறுவனத்தில். முக்கிய முடிவுகளுக்கு அங்கே 85 சதவீத ஓட்டு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் சுமார் பதினாறரை சதவீதம் இருப்பதால், அது வேண்டாம் என்றால் காரியம் நடக்காது. உலகிலேயே அதிக மக்கள் வாழும் இந்தியாவுக்கு உள்ள ஓட்டு 3 சதவீதத்துக்கும் குறைவு.

பங்கை மாற்றி அமைக்க வேண்டும் என்று இந்தியா சொல்லி வருகிறது. 1944-ல் அடிமை நாடாகப் போனபோதே கேட்ட கேள்வி அது. இனி அந்த மகாநாடு, இந்த மகாநாடு என்று செய்தி வரும்போது, பேசியவர்களின் படத்தோடு நிறுத்திவிடாமல், யாருக்கு எத்தனை ஓட்டு என்ற வரியையும் படித்து வைப்பது நல்லது.