தோலின் கதை – 23: சேவல் கொண்டை

கன்னத்தில் நிரப்பும் ‘ஃபில்லர்’ ஜெல்லைப் பற்றிப் போன வாரம் எழுதியாயிற்று. திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த வாரம் கழுத்து.

ஜார்ஜ் டவுன் லெபோ பாசார் நகைக்கடையில் அட்டிகை போட்டுப் பார்த்த என் சித்தி, கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: “சங்கிலி மடிப்புக்குள்ள போயி ஒளிஞ்சிக்குது பாரு. முகத்துக்குப் போடுற ஊசிய இங்க போடலாமா?”

போடலாம். ஆனால் கழுத்து வேறு நிலம். தோல் முகத்தைவிட மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. அதற்கு அடியிலேயே பிளாட்டிஸ்மா என்ற தசை, தாடையிலிருந்து மார்பின் மேல்பகுதி வரை விரித்த துணிபோலக் கிடக்கிறது. வயது ஏறினால் அதன் ஓரங்கள் கயிறாகப் புடைக்கும். அந்தக் கயிற்றுக்கு ஃபில்லர் உதவாது. தொங்கும் தோலையும் அது தூக்கி நிறுத்தாது. குறுக்குக் கோடுகளுக்கும் காய்ந்து சுருங்கிய தோலுக்கும்தான் பயன். கன்னத்துக்கான கெட்டி ஜெல்லை இங்கே போட்டால் மணிமணியாக வெளியே தெரியும். அதனால் இளகிய ஹயலூரோனிக் அமிலத்தையோ, நீர்த்த கால்சியம் ஹைட்ராக்சிலபடைட்டையோ துளித்துளியாகப் போடுகிறார்கள்.

இந்த ஹயலூரோனிக் அமிலம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் என் வாரம் முழுக்க அதிலேயே கழிந்தது. 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடிக்குக் கிரேக்கத்தில் ‘ஹயலோஸ்’. பெயர் அங்கிருந்து வந்தது. 1942இல் ஹங்கேரி விஞ்ஞானி எண்ட்ரே பலாஷ், பேக்கரியில் முட்டை வெள்ளைக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முட்டையில் தொடங்கிய அவர் பிற்பாடு போய்ச் சேர்ந்த இடம் சேவல் கொண்டை. கொண்டை விறைத்து நிற்பதே இந்தப் பொருளால்தான். அதிலிருந்து சுத்திகரித்த ஜெல், 1980 வாக்கில் ‘ஹீலான்’ என்ற பெயரில் கண்புரை அறுவைக்கு வந்தது. மாட்டுக் கண்ணில் கண்டெடுத்த ஒன்று, சேவல் தலைவழியாக மனிதக் கண்ணுக்குப் போயிருக்கிறது! சௌராஸ்தா சந்தைப் பக்கம் போனால் இனி என் கண் கோழியின் தலைக்குத்தான் போகும்.

முட்டி தேய்ந்தவர்களுக்குப் போடும் ஜெல் ஊசிகளில் சில இன்றும் கொண்டையிலிருந்தே தயாராகின்றன. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. கொடியில் சேவலை வைத்திருப்பவனைப் பார்க்க, முட்டிக்குள் சேவலோடு எத்தனை பேர் ஏறுகிறார்களோ!

இதைச் சொன்னதும் சூலியா தெருத் தோழி, “அப்ப எங்களுக்கு ஆகுமா, ஹலாலா?” என்றாள். நல்ல கேள்வி. ஐரோப்பாவில் 1996இல் வந்த ‘ரெஸ்டிலேன்’ முதல், பெரும்பாலான ஃபில்லர்களைப் பாக்டீரியாவைப் புளிக்கவைத்தே எடுக்கிறார்கள். சேவல் தேவையில்லை. அந்தப் பாக்டீரியாவுக்கு என்ன தீனி கொடுத்தார்கள் என்பதை மட்டும் தயாரிப்பு வாரியாக விசாரிக்க வேண்டும்.

நம் உடம்பிலேயே சுமார் 15 கிராம் ஹயலூரோனிக் அமிலம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் கரைந்து புதிதாகச் சுரக்கிறது. வெறும் அமிலத்தை ஊசியில் ஏற்றினால் சில நாளில் காணாமல் போகும் என்பதால், ஃபில்லரில் அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னி வைக்கிறார்கள். தவறாகப் போய் ரத்தக் குழாயை அடைத்தால் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற நொதி உண்டு. கால்சியம் ஜெல்லை அந்த நொதி கரைக்காது. ஊசிக்கு உட்காரும் முன் உள்ளே போவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

சித்தியிடம் இன்னொன்றும் சொன்னேன். அவர் மறைக்க நினைக்கும் குறுக்குக் கோடுகளை நம் சிற்பிகள் அழகென்று வடித்தார்கள். சங்குக் கழுத்து என்றால் மூன்று வரி ஓட வேண்டும். செப்புத் திருமேனிகளில் பாருங்கள், புத்தர் சிலைகளிலும் பாருங்கள். சிறு வயதிலேயே இந்தக் கோடு உள்ளவர்கள் உண்டு. வெயில்தான் அதை ஆழமாக்குகிறது. சன்ஸ்கிரீனைத் தாடையோடு நிறுத்துகிறவர்கள் ஜார்ஜ் டவுன் வெயிலில் கழுத்தைத் தனியே விட்டுவிடுகிறார்கள்.

யாரிடம் போட்டுக்கொள்வது, என்ன செலவு என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கொண்டை இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்று: மலேசியாவில் இந்த ஊசியைப் போடுகிறவர் பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும், அழகியல் சிகிச்சைக்கான சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அழகு நிலையத்தின் பின்னறையில் படுக்காதீர்கள். மீதி அடுத்த வாரம்.