நானா ஏன் ஊருக்குத் திரும்பவில்லை? – சமூகவியலுக்கு ஓர் அறிமுகம்

போன நோன்புப் பெருநாளைக்கு நானாவிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். "சோனகத் தெருவில எங்கட வளவு பத்தை பிடிச்சுக் கிடக்குது. நீங்க புத்தளத்தில வீட்டுக்கு மேல வீடு கட்டுறீங்க. ஊரை மறந்திட்டீங்களா?" என்று கேட்டேன். நானா கோபிக்கவில்லை. "தம்பி, எனக்கு மூணு பொம்பிளைப் பிள்ளையள்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பதில் எனக்கு விளங்கச் சில மாதங்கள் எடுத்தன. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நான், பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் சமூகவியலும் படித்தேன். அன்று பரீட்சைக்காக மனனம் செய்த எண்ணக்கருக்களே இதை விளங்கிக்கொள்ள உதவின. அவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அந்தக் கட்டளை வந்த நாள் ஒக்டோபர் 30. கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்த பிறகும் திரும்பி வந்து நிலைத்தவர்கள் குறைவு. காரணம் கேட்டால், "அவங்களுக்கு ஊர்ப்பற்று இல்லை" என்று பேசிக்கொள்கிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் 'சமூகவியல் கற்பனை' என்ற எண்ணக்கருவை முன்வைத்தார். ஒரு இலட்சம் பேர் வாழும் நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவருடைய சொந்தத் தொல்லை. அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடி தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அது பொதுப் பிரச்சினை. காரணத்தை அமைப்பில் தேட வேண்டும். நானா ஒருவர் வராமல் விட்டால் அவரைக் குறைசொல்லலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வராமல் விட்டால்?

அடுத்தது 'சமூக மெய்ம்மை'. பிரான்ஸின் எமில் துர்கைம் 1895இல் விளக்கியது. தனிமனிதனுக்கு வெளியே நின்று அவனைக் கட்டுப்படுத்தும் வழக்கங்களை அவர் இவ்வாறு அழைத்தார். எங்களுக்குள்ளேயே நல்ல உதாரணம் உண்டு. மார்க்கப்படி மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. ஆனால் பெண்ணுக்கு ஒரு வீடு இல்லாமல் கலியாணம் பேச ஏலாது என்பதே எங்கள் வழக்கம். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. மீறினால் வழக்குப் போடவும் மாட்டார்கள். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன், பிள்ளைகள் வளர்ந்த ஊரில் மூன்று வீட்டுக்கு வழி பார்க்கிறார். நான் பற்றின்மை என்று நினைத்தது அந்த வழக்கத்தின் பாரம்.

'அந்தஸ்து' என்பதை ரால்ப் லின்டன் 1936இல் இரண்டாகப் பிரித்தார். ஒன்று பிறப்போடு எங்கள்மேல் விழுவது. மற்றது உழைத்து ஈட்டுவது. புத்தளத்தில் பிறந்த பிள்ளையையும் 'அகதி' என்றே அழைத்தார்கள். எங்கும் போகாமலேயே அந்தப் பிள்ளை அகதியாகிவிட்டது. அதே பிள்ளை யாழ்ப்பாணம் வந்தால் 'புத்தளத்தான்'.

இனி மூன்று கோட்பாடுகள். தொழிற்பாட்டுவாதம், சமூகத்தை ஓர் உடம்பாகப் பார்க்கிறது. பள்ளிவாசல், பாடசாலை, கடை, அயல் எல்லாம் ஒன்றையொன்று தாங்கும் உறுப்புகள். பள்ளிவாசலை மட்டும் திருத்திக் கட்டினால் ஊர் எழும்பிவிடாது. கார்ல் மார்க்ஸின் வழிவந்த முரண்பாட்டுக் கோட்பாடு, வளம் யாரிடம் என்று கேட்கிறது. 1990இல் ஒரு குடும்பம் இருந்த சின்ன வளவுக்கு இன்று நான்கைந்து குடும்பங்கள் உரித்தாளிகள். காணி இல்லாதவருக்கு வீட்டுத் திட்டமும் எட்டாது. மூன்றாவது, குறியீட்டு இடைவினைவாதம். ஒன்றின் அர்த்தம் மனிதர் ஒருவரோடொருவர் பழகுவதில்தான் உருவாகிறது என்பது அதன் அடிப்படை. எனக்கு 'ஊர்' என்றால் ஐந்து சந்தி. நானாவின் மகளுக்கு அவள் கூட்டாளிமார் இருக்கும் தெருதான் ஊர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன். 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் 'அஸபிய்யா' என்னும் கூட்டுணர்வை ஆராய்ந்தார். வம்சத்தின் பயன் அது உண்டாக்கும் நெருக்கத்திலும் ஒத்தாசையிலும்தான் இருக்கிறது. பழகாத உறவு வெறும் நினைப்பாகத் தேய்ந்துவிடும் என்பது அவர் கருத்து. எனக்கு இதுதான் கவலை. வெளியேற்றப்பட்ட தலைமுறைக்கு ஊர் ஞாபகத்தில் இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு ஞாபகமும் இல்லை, பழக்கமும் இல்லையென்றால் எங்களை ஒரு சமூகம் என்று எதை வைத்துச் சொல்வது?

ஆகவே, "யாருக்குப் பற்று இல்லை?" என்ற கேள்வியை நாங்கள் விட்டுவிட வேண்டும். உரித்தாளிகளுக்குள் காணியை எப்படிப் பங்கிடுவது, வீட்டுச் சீதனத்தின் சுமையை எப்படிக் குறைப்பது, இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பழக என்ன செய்வது? ஜமாஅத்தில் பேச வேண்டியவை இவைதான்.

நானாவுக்குப் போன கிழமை கோல் எடுத்தேன். பெருநாளன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "லீவுக்குச் சின்னவளை இங்க அனுப்புங்கோ. வளவுப் பத்தையை நானும் அவளுமாச் சேர்ந்து வெட்டுறம்" என்றேன். நானா சிரித்தார். "அவளுக்கு அந்த வளவு எது எண்டே தெரியாதே தம்பி" என்றார்.

அதுக்குத்தான் நானா, அனுப்புங்கோ.