திரையில் ஓர் அட்டவணை: மக்கள் சரிபார்க்கும் கணக்கு

அரசின் கணக்குகளைப் பொதுமக்கள் சரிபார்ப்பது ஜனநாயகத்தின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகும். இராஜஸ்தான் மாநிலத்தில் அப்போது பாலி மாவட்டத்தில் இருந்த கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. பொதுப்பணிகளின் வருகைப் பதிவேடுகள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. யார் உழைத்தனர், யார் உழைக்கவில்லை என்பதைக் கேட்டவர்களே கூறினர். இத்தகைய முயற்சிகளின் விளைவாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. எவரும் கேட்பதற்கு முன்னரே தகவல்களை வெளியிடுவது அரசு அலுவலகங்களின் கடமை என அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு விதிக்கிறது. இதனை நிறைவேற்றும் வகையில், 2019 செப்டம்பர் 13 அன்று இராஜஸ்தான் அரசு 'ஜன் சூச்னா' என்ற இணையதளத்தைத் தொடங்கியது.

அன்று உரக்க வாசிக்கப்பட்ட பதிவேட்டின் பணியை இன்று திரையில் தோன்றும் அட்டவணை செய்ய வேண்டியுள்ளது. அதனை இணையப் பயன்பாடு ஒன்றில் எவ்வாறு சேர்ப்பது, எங்கெங்கு தவறுகள் நேரும் என்பவற்றை இங்குக் காண்போம்.

மூன்று அடுக்குகள்

ஒரு மாவட்டத்தின் நியாய விலைக் கடைகள் பற்றிய மாதாந்தர அட்டவணையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடையின் பெயர், ஒதுக்கப்பட்ட தானியம், வந்து சேர்ந்தது, விநியோகிக்கப்பட்டது, இருப்பு ஆகியவை இதன் செங்குத்து நிரல்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கிடை நிரை.

இதற்கு மூன்று அடுக்குகள் தேவை. முதலாவது, விவரங்கள் சேமிக்கப்பட்டுள்ள தரவுத்தளம். இரண்டாவது, கேட்கும் விவரங்களை எடுத்துத் தரும் சர்வர். மூன்றாவது, அவற்றைப் பெற்று நிரை நிரையாக வரையும் உலாவியிலுள்ள அட்டவணைக் கூறு. இக்கூற்றினைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஆயத்தமாகப் பல கிடைக்கின்றன. நிரல்களின் பட்டியலையும் விவரங்கள் வரும் முகவரியையும் கொடுத்தால் ஒரே நாளில் அட்டவணை திரையில் தோன்றிவிடும். ஆனால், தோன்றுவது வேறு; நம்பத்தக்கதாக இருப்பது வேறு.

பக்கம் பிரித்தலும் கூட்டுத்தொகையும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் உள்ளன. இவ்வளவையும் ஒரே தடவையில் உலாவிக்கு அனுப்பினால் எளிய கைபேசி திணறிவிடும். எனவே, பெரிய அட்டவணைகளை 50 அல்லது 100 நிரைகள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து அனுப்புவது வழக்கம்.

இங்குதான் முதல் தவறு நேர்கிறது. பக்கங்கள் சர்வரிலிருந்து வரும்போது, வரிசைப்படுத்துதல், தேடுதல், கூட்டுதல் ஆகியவையும் சர்வரிலேயே நடைபெற வேண்டும். உலாவியில் நடைபெற்றால் கண்முன் உள்ள 50 நிரைகள் மட்டுமே கணக்கில் வரும். மிகக் குறைந்த விநியோகம் எந்தக் கடையில் என்று தேடுபவருக்கு, மாவட்டத்தின் கடைசிக் கடைக்கு மாறாக அந்தப் பக்கத்தின் கடைசிக் கடையே காட்டப்படும். அடியிலுள்ள கூட்டுத்தொகை பக்கத்துக்கு உரியதா, மாவட்டம் முழுமைக்கும் உரியதா என்பதும் தெளிவாக எழுதப்படல் வேண்டும்.

வரிசை முறை

எண்களை எழுத்துகளாகக் கருதி வரிசைப்படுத்தினால் 10, 100, 9 என்ற முறையற்ற வரிசை கிடைக்கும். நிரல் எண் வகையைச் சார்ந்தது என்பதை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கல் உண்டு. யூனிகோடு குறியீட்டு வரிசையில் 'ன' எழுத்து 'ந'வை அடுத்து வருகிறது; நம் நெடுங்கணக்கிலோ அதுவே கடைசி மெய். குறியீட்டு எண்படி அடுக்கினால் கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என வரும். அகராதி முறைப்படி கடலூர், கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்பதே சரி. மொழியின் வரிசை விதிகளை அறிந்த ஒப்பீட்டு வசதி உலாவிகளிலும் தரவுத்தளங்களிலும் உண்டு. அதனைக் கேட்டுப் பெற வேண்டும். எண்களையும் 12,34,567 என நம் வழக்கப்படி பிரித்துக் காட்டலாம்.

வெற்றிடமும் சுழியமும்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஒரு கடையின் மாத அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை எனில், அந்தக் கட்டத்தில் 0 என்று காட்டலாகாது. சுழியம் என்றால் தானியம் ஏதும் வழங்கப்படவில்லை என்று பொருள். அறிக்கை வராமை வேறு செய்தி. இரண்டும் ஒன்றாகத் தோன்றினால் நேர்மையான கடைக்காரர் குற்றவாளி ஆவார்; அல்லது உண்மையில் தானியம் கிடைக்காத ஊரின் முறையீடு கவனிக்கப்படாமல் போகும். சராசரியும் பிழைபடும். 'அறிக்கை பெறப்படவில்லை' என்று எழுதுவதே முறை. விவரங்கள் எந்த நாள் வரையிலானவை என்பதையும் அட்டவணையின் தலையில் குறிப்பிடல் வேண்டும்.

அனைவருக்குமான அட்டவணை

பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் உதவியால் இணையதளங்களைப் பயன்படுத்துகின்றனர். தலைப்புக் கட்டங்கள் தலைப்புகள் என்றே குறிக்கப்பட்டிருந்தால், அம்மென்பொருள் ஒவ்வோர் எண்ணுடனும் அதன் தலைப்பையும் வாசிக்கும். வெறும் தடித்த எழுத்துகளாக மட்டும் இருப்பின், கேட்பவருக்கு எஞ்சுவது பொருளற்ற எண்களின் தொடரே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இவ்வசதியை ஓர் உரிமையாக்கியுள்ளது.

தனிமனித அந்தரங்கமும் காக்கப்பட வேண்டியதே. பயனாளியின் வங்கிக் கணக்கு எண் போன்ற நிரலைத் திரையில் மறைத்துவிட்டால் போதும் என்று கருதுவது தவறு. உலாவிக்கு வந்து சேர்ந்த எதனையும் சிறிது பயிற்சியுள்ளவர் பார்த்துவிட இயலும். வெளியிடக் கூடாத விவரத்தைச் சர்வரே அனுப்பாதிருக்க வேண்டும்.

அட்டவணையைச் சேர்ப்பது தொழில்நுட்பரின் பணி. எதனைச் சேர்ப்பது, வெற்றிடத்தை எவ்வாறு காட்டுவது என்று தீர்மானிப்பது அலுவலரின் பொறுப்பு. வெளியிடும் முன், ஒரு கடையின் நிரையை அக்கடைக்குரிய ஊரின் மக்கள் சிலரிடம் வாசித்துக் காட்டுவது சிறந்த சோதனையாகும். கோட் கிரானாவில் செய்யப்பட்டதும் அதுவே.