ஒரு நாள் சம்பளம் ஒரு கோடி ரூபாய்! ஆனாலும் அணியை மாற்றக் கேட்டார்!

ஒரு நாளைக்கு ஒரு கோடி ரூபாய் சம்பளம்!

கேட்டாலே தலை சுற்றுகிறது அல்லவா? அப்படிச் சம்பளம் வாங்கும் ஒருவர், தம் முதலாளியிடம் போய், தம்மை வேறு ஊருக்கு மாற்றிவிடும்படி கேட்டார்.

அவர் பெயர் டேமியன் லில்லர்ட். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து வீரர்களில் ஒருவர்.

பணம் போதாமல் அவர் கேட்கவில்லை. பிறகு ஏன் கேட்டார்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா? அமெரிக்க ரசிகர்கள் இதைப் பற்றி ஓயாமல் வாதாடுகிறார்கள். லில்லர்டின் கதையைக் கேட்டால் இரண்டு பக்க நியாயமும் தெரியும்.

ஆள் மாற்று வியாபாரம்

அமெரிக்காவில் கூடைப்பந்து பெரிய தொழில். என்.பி.ஏ. என்ற சங்கத்தில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அணிக்கும் முதலாளி உண்டு. வீரர்களுக்குச் சில ஆண்டு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஒப்பந்தம் முடியும் வரை வீரர் தம் இஷ்டப்படி வேறு அணிக்குப் போக முடியாது. ஆனால், அணி அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிடலாம்! அதற்குப் பதிலாக வேறு வீரரை வாங்கிக் கொள்ளலாம். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவது போல, ஆளைக் கொடுத்து ஆளை வாங்குகிறார்கள்.

வீரரின் சம்மதம் கேட்க வேண்டியது இல்லை. காலையில் ஓர் ஊரில் இருப்பவர், மாலையில் வேறு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். சம்பளம் மட்டும் குறையாது. புது அணி அதைக் கொடுக்கும்.

சின்ன ஊர், பெரிய வீரர்

அமெரிக்காவின் வடமேற்கில் ஓரிகன் மாநிலம் இருக்கிறது. அங்கே உள்ள நகரம் போர்ட்லண்ட். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெரிய நகரம் அல்ல. அந்த ஊர் அணி ஒரே ஒரு முறை, 1977-ம் ஆண்டில் கோப்பையை வென்றது. அதன் பிறகு வெல்லவே இல்லை.

2012-ம் ஆண்டில் லில்லர்ட் அங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22.

2014-ம் ஆண்டில் ஹூஸ்டன் அணியோடு ஒரு போட்டி. முடிய ஒரு வினாடி கூட இல்லை. போர்ட்லண்ட் 2 புள்ளி பின்தங்கி இருந்தது. பந்து லில்லர்ட் கைக்கு வந்தது. எறிந்தார். கூடைக்குள் விழுந்தது! 14 ஆண்டுகளுக்குப் பிறகு போர்ட்லண்ட் அணி அடுத்த சுற்றுக்குப் போனது.

2019-ம் ஆண்டில் மறுபடியும் அதே போல ஒரு காட்சி. இந்த முறை எதிரணி ஓக்லஹோமா. 37 அடி தூரத்தில் இருந்து, கடைசி வினாடியில் எறிந்தார். அதுவும் கூடைக்குள் விழுந்தது! அந்த ஆட்டத்தில் மட்டும் அவர் எடுத்த புள்ளிகள் 50.

மற்ற பெரிய வீரர்கள் கோப்பை ஆசையில் ஊர் ஊராக மாறினார்கள். லில்லர்ட் மாறவில்லை. 11 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். விசுவாசத்துக்கு ஓர் உதாரணம் என்று எல்லாரும் அவரைக் காட்டினார்கள்.

மனம் மாறியது

வயது 30-ஐத் தாண்டியது. அணியோ தோற்றுக்கொண்டே இருந்தது. 2022-23 பருவத்தில் ஆடிய 82 ஆட்டங்களில் 49 தோல்வி.

உடனே வெல்லக்கூடிய அணி வேண்டும் என்பது லில்லர்டின் எண்ணம். அனுபவசாலிகளைக் கொண்டுவர வேண்டும் என்றார். அணியோ 19 வயது இளைஞர் ஒருவரைச் சேர்த்தது. அவரும் லில்லர்ட் ஆடும் அதே இடத்தில் ஆடுபவர்!

2023 ஜூலையில் லில்லர்ட் தம்மை மாற்றிவிடும்படி கேட்டார். அந்தப் பருவத்துக்கு அவருடைய சம்பளம் சுமார் 4½ கோடி டாலர். நம் பணத்தில் 370 கோடி ரூபாய்க்கு மேல்!

தெற்கே கடலோரத்தில் உள்ள மயாமி நகருக்குப் போக அவர் விரும்பினார். போர்ட்லண்ட் அணியோ, வடக்கே பனி கொட்டும் மில்வாக்கி நகருக்கு அவரை அனுப்பியது. கேட்டது ஓர் ஊர். கிடைத்தது வேறு ஊர்!

கேட்காதவர் பட்ட பாடு

லில்லர்டுக்குப் பதிலாக மில்வாக்கி கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜுரூ ஹாலிடே. 2021-ம் ஆண்டில் அந்த அணி கோப்பை வெல்லத் துணை நின்றவர். அவர் மாற்றம் கேட்கவே இல்லை. ஆனாலும் போர்ட்லண்ட் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். சில நாட்களில் போர்ட்லண்ட் அவரைப் பாஸ்டன் அணிக்குக் கை மாற்றிவிட்டது.

அதே பாஸ்டன் அணியில் 2017-ம் ஆண்டில் நடந்தது இன்னும் உருக்கமானது. அப்போது அங்கே புகழ் பெற்றிருந்தவர் ஐசையா தாமஸ். கார் விபத்தில் அவருடைய தங்கை இறந்துபோனாள். மறுநாளே, கண்ணீரோடு அவர் களத்தில் இறங்கி ஆடினார். ஊரே உருகியது.

நான்கு மாதம் கழிந்தது. பாஸ்டன் அணி அவரைக் கிளீவ்லண்ட் அணிக்குக் கொடுத்துவிட்டது! பதிலுக்கு வாங்கியது, கிளீவ்லண்டில் மாற்றம் கேட்டு நின்ற கைரி இர்விங் என்ற வீரரை.

வீரர் போகிறேன் என்றால் "நன்றி கெட்டவர்" என்று ஏசுகிறார்கள். அணி அவரை அனுப்பினால் "அது வியாபாரம்" என்கிறார்கள். இது என்ன நியாயம் என்று வீரர்கள் கேட்கிறார்கள்.

கோர்ட்டு வரை போன வழக்கு

ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய அணியின் பிடி விடாது. அதை எதிர்த்து 1970-ம் ஆண்டில் கோர்ட்டுக்குப் போனார் ஆஸ்கர் ராபர்ட்சன். அவர் சிறந்த வீரர். வீரர்கள் சங்கத்தின் தலைவர். 6 ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1976-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. ஒப்பந்தம் முடிந்தால் வேறு அணிக்குப் போகும் வழி அதனால் பிறந்தது.

இன்று வீரர்கள் வாங்கும் கோடிகளுக்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

ஆனால், ரசிகர்களின் மனக்குறையும் பொய் அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதியில் போகிறேன் என்றால் கோபம் வராதா? அப்பா மகனுக்கு வீரரின் பெயர் போட்ட சட்டை வாங்கிக் கொடுக்கிறார். மகன் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகிறான். திடீரென்று அந்த வீரர் எதிரணியில் நிற்கிறார். அந்தப் பையனுக்கு யார் சமாதானம் சொல்வது?

வெளிப்படையாக மாற்றம் கேட்டால் அபராதமும் உண்டு. 2019-ம் ஆண்டில் அந்தோணி டேவிஸ் என்ற வீரருக்கு 50 ஆயிரம் டாலர் அபராதம் போட்டார்கள். அவர் வாங்கும் சம்பளத்தில் அது கொசுக்கடி!

மீண்டும் பழைய ஊர்

மில்வாக்கியிலும் லில்லர்டுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டும், இறுதிக் கட்டப் போட்டிகளின் முதல் சுற்றிலேயே அணி தோற்றது. 2025 ஏப்ரலில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. ஓர் ஆண்டு ஆட முடியாத நிலை.

ஜூலையில் மில்வாக்கி அவரை விலக்கிவிட்டது. ஒப்பந்தப் பாக்கி மட்டும் 11 கோடி டாலருக்கு மேல். அதைத் தவணையில் கொடுத்துவிடுவதாகக் கணக்குத் தீர்த்தது.

அப்போது அவரை அழைத்தது எது தெரியுமா? அவர் விட்டுப் போன அதே போர்ட்லண்ட் அணி! வயது 35. காலில் காயம். அந்தப் பருவம் ஆட மாட்டார் என்று தெரியும். தெரிந்தே 3 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அவருடைய பிள்ளைகளும் அந்த ஊரில்தான் இருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை! அவருக்குப் பதிலாகக் கை மாறிய ஹாலிடே, 2024-ல் பாஸ்டன் அணியோடு கோப்பை வென்றார். மறு ஆண்டே பாஸ்டனும் அவரைக் கை மாற்றியது. எங்கே? போர்ட்லண்ட் அணிக்கு! ஒருவருக்கு ஒருவர் மாற்றாகப் போனவர்கள் ஒரே அணியில் சேர்ந்தார்கள்.

லில்லர்டின் புது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்றக் கூடாது! மிகச் சில வீரர்களுக்கே கிடைக்கும் உரிமை அது.

ஒரு கை தட்டினால் ஓசை வராது. விசுவாசமும் அப்படித்தான். போர்ட்லண்டில் இரண்டு கையும் சேர 13 ஆண்டுகள் ஆயின.