தறியே பள்ளி

வலியசாலையை அடுத்த சாலைக் கடைத்தெருவில், ஓணத்திற்கு முந்தைய நாள்களில் கசவு வேட்டிகளும் முண்டும் நேரியதும் அடுக்கடுக்காக விற்பனைக்கு வரும். அவற்றுள் பெயர்பெற்றவை பாலராமபுரம் கைத்தறித் துணிகள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் அவ்வூர் அமைந்துள்ளது.

1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மன்னரின் பெயரைத் தாங்கியது பாலராமபுரம். அரச குடும்பத்திற்கு மெல்லிய பருத்தியாடை நெய்து தருவதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குலத்து நெசவாளர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். சாலியர் தெரு என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அவர்கள் கொண்டுவந்த கலை ஏட்டில் எழுதப்பட்டதன்று. மூத்தோரிடமிருந்து இளையோருக்குக் கைவழியாகவே வந்தது.

கற்போர் முதலில் தார் சுற்றவும் அறுந்த இழையை முடியவும் பழகுவர். அடுத்தது பாவு. நீண்ட பாவு நூல்களைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, தூரிகையால் நீவி உலர்த்துவர். வெயில் ஏறினால் கஞ்சி விரைவில் இறுகிவிடும் என்பதால் இவ்வேலை விடியற்காலையிலேயே தொடங்கும். பலர் சேர்ந்து செய்யும் பணியாதலால், பெரியவர்களின் கையைப் பார்த்தே இளையோர் கற்கின்றனர்.

பின்னரே குழித்தறியில் அமரலாம். கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, கைகள் நாடாவை இருபுறமும் எறிந்து ஊடையைக் கோக்கும். ஊடையை ஓங்கி அடித்தால் துணி தடிக்கும். மெல்ல அடித்தால் இடைவெளி விழும். சரியான அளவை எண்ணால் கூற இயலாது. ஆசான் அருகிருந்து திருத்தத் திருத்தக் கை அதனை உணரும். இங்ஙனம் தேர்ந்த கை நெய்த துணியின் இருபுறமும் ஒன்றுபோலவே தோன்றும்.

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களிடமும் இதையொத்த மரபு உண்டு. அங்கே நிமிர்ந்து நிற்கும் தறியில் கம்பளி நெய்யும் கலையைப் பாட்டியும் தாயும் மகளுக்குக் கற்பிக்கின்றனர். அக்கலையை முதன்முதலில் கற்பித்தவள் சிலந்திப் பெண் என்பது அவர்களது நம்பிக்கை. அங்கு கம்பளி, இங்குப் பருத்தி. ஆயினும் கற்பிக்கும் முறை ஒன்றே.

பாலராமபுரம் துணிகளுக்கு 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பிற இடத்துத் துணிகளை இப்பெயரில் விற்பதை அது தடுக்கும். எனினும் விசைத்தறித் துணிகள் மலிவாகக் கிடைப்பதாலும், உழைப்புக்கேற்ற கூலி கிடைக்காததாலும் இளையோர் வேறு தொழில்களை நாடுகின்றனர். கற்க வருவோர் இல்லையெனில், ஆசானின் கைத்திறன் அவரோடு மறைந்துவிடும். நெசவாளருக்கு உரிய விலை கொடுத்து வாங்குவதும், கற்போர் வாழ வழி செய்வதும் இக்கலையைக் காக்கும் வழிகளாகும்.

அருஞ்சொற்பொருள்
பாவு – நீளவாக்கில் அமையும் நூல்
ஊடை – குறுக்குவாக்கில் செல்லும் நூல்
நாடா – ஊடை நூலைக் கொண்டுசெல்லும் கருவி

வினாக்கள்
1. பாவுக்குக் கஞ்சியிடும் பணி விடியற்காலையில் தொடங்குவது ஏன்?
2. நவஹோ நெசவுக்கும் பாலராமபுரம் நெசவுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
3. புவிசார் குறியீடு மட்டுமே ஒரு கலையைக் காக்கப் போதுமா? உம் கருத்தை எழுதுக.