வீட்டைப் புதுப்பிக்கும் முன்… குத்தகையாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் வீடு கட்டுவதில்லை. கட்டிய வீவக வீட்டைத்தான் வாங்குகிறோம். இருந்தாலும் வீட்டைப் புதுப்பிக்க இறங்கும்போது அந்தப் பழமொழியின் முழுப்பொருளும் விளங்கிவிடுகிறது.

வீடு வாங்க மத்திய சேமநிதிப் பணத்தைப் பயன்படுத்தலாம். புதுப்பிப்புப் பணிக்கு அதைத் தொட முடியாது. கையிலுள்ள சேமிப்பைத்தான் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கியில் கடன் வாங்க வேண்டும். அதனால் குத்தகையாளர் பாதி வேலையில் கைவிட்டுப் போனால், ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு அவரோடு போய்விடுகிறது. உடைத்துப் போட்ட கழிவறையும், முடிக்கச் சொல்லி இன்னொருவரிடம் கேட்க வேண்டிய நிலையும்தான் மிச்சம்.

அப்படியானால் நம்பத்தக்கவரை எப்படி அறிவது? பேச்சை வைத்து அறிய முடியாது. "தெரிந்தவர் சொன்னார்", "நம்ம ஆள்தான்" என்பதும் போதாது. பார்க்க வேண்டியவை மூன்று: பதிவு, எழுத்து, பணம் கொடுக்கும் முறை.

பதிவைச் சரிபாருங்கள்

வீவக வீடுகளில் புதுப்பிப்புப் பணிகளை, கழகத்தின் குத்தகையாளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் செய்யலாம். பட்டியலைக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். சன்னல் வேலைக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றவர் தேவை. மின்சார வேலைக்கும் குழாய் வேலைக்கும் உரிமம் பெற்றவர்கள் தனித்தனியே இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பட்டியலில் பெயர் இருப்பது, அந்த வேலையைச் செய்ய அவருக்குத் தகுதி உண்டு என்பதை மட்டுமே காட்டும். அவர் வேலையின் தரத்துக்கோ நாணயத்துக்கோ கழகம் உத்தரவாதம் தருவதில்லை. ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது.

ஆகவே இன்னும் இரண்டு இடங்களில் தேடுங்கள். நிறுவனம் இன்னும் இயங்குகிறதா, எப்போது பதிவானது என்பதை நிறுவனப் பதிவேட்டில் காணலாம். கடையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் வேறு பெயர், பணம் போகும் கணக்கு ஒரு தனிநபருடையது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அடுத்து, பயனீட்டாளர் சங்கமான கேஸ் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அச்சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள், வாடிக்கையாளரின் முன்பணத்துக்குப் பிணைப்பத்திரம் எடுக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் அந்த முன்பணத்துக்கு அது பாதுகாப்பு. பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு குறையும் என்று, ஓய்வு நாளில் வெளிநாட்டு ஊழியரை அழைத்துச் சாயம் பூசச் சொல்வதும் நம்மிடையே உண்டு. அந்த வேலைக்கு உரிய அனுமதி அவருக்கு இல்லையென்றால் அது குற்றம். அவருக்கு வேலை போகும். உங்களுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்

குறைந்தது மூவரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். "கழிவறை வேலை 6,000 வெள்ளி" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. எந்த டைல்ஸ், சதுர அடி என்ன விலை, பழையதை உடைத்து அப்புறப்படுத்துவது சேர்ந்ததா, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு உண்டா, பொருள் சேவை வரி அடக்கமா என்று தனித்தனியாக இருக்க வேண்டும். மிகக் குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் எதையோ எழுதாமல் விட்டிருப்பார். பிறகு அது "கூடுதல் வேலை" என்று திரும்பி வரும். எந்தக் கூடுதல் வேலையானாலும் விலையை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

விதிமுறைகள் தெரிந்தவரா என்றும் சோதிக்கலாம். புதிய புளோக் கட்டி முடிந்து 3 ஆண்டுகளுக்குள் கழிவறை டைல்ஸை அகற்ற அனுமதியில்லை. தரையின் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது. "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று பதில் வந்தால் அவர் உங்களுக்கு வேண்டாம். அனுமதியில்லாமல் சுவரை உடைத்தால் வீட்டு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் வேலைக்கு முன்னால் ஓடக் கூடாது

மூன்றிலும் முக்கியமானது இதுதான். 30,000 வெள்ளி வேலை என்று வைத்துக்கொள்வோம். கையொப்பமிடும்போது 20 விழுக்காடு, வேலை தொடங்கும் நாளில் 50 விழுக்காடு என்று கேட்கிறார். முதல் சுவர் உடைபடும் நாளில் 21,000 வெள்ளி உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். அன்றே அவர் நின்றுவிட்டால் உங்களிடம் இருப்பது குப்பை மட்டுமே.

வேறு விதமாகப் பிரித்துப் பாருங்கள். கையொப்பமிடும்போது 3,000. உடைப்பும் குழாய், மின்கம்பி வேலையும் முடிந்ததும் 6,000. டைல்ஸ் போட்டு, கழிவறையில் ஒரு நாள் நீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் கசிவில்லை என்று பார்த்த பிறகு 7,500. அலமாரிகள் பொருத்தியதும் 7,500. சாயம், விளக்கு முடிந்ததும் 4,500. குறைகளைச் சரிசெய்த பிறகு கடைசி 1,500. இந்த முறையில் எந்தக் கட்டத்தில் அவர் நின்றாலும் உங்கள் இழப்பு ஓர் அளவுக்குள் நிற்கும்.

குத்தகையாளருக்கும் முதல் வேண்டும் என்பது நியாயமே. பலகை வாங்க அவரிடம் பணம் இல்லையென்றால், பலகை வந்து இறங்கியதும் ஒரு பகுதியைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பி, ரசீது வாங்குங்கள். "இன்று முழுப் பணமும் கட்டினால் தள்ளுபடி" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் பதியலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. அங்கு வழக்கறிஞர் தேவையில்லை. ஒப்பந்தம், ரசீது, புகைப்படங்கள் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். ஆனால் மூடிப்போன நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்தாலும் பணம் திரும்புவது அரிது. அதனால்தான் பூட்டைத் திருட்டுக்கு முன்பே போட வேண்டும் என்கிறோம்.

"தெரிந்தவரிடம் போய்ப் பத்திரம் கேட்பதா?" என்று நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். கேட்பதில் அவமரியாதை இல்லை. செய்த வேலைக்கு உரிய பணம் உரிய நாளில் வரும் என்று அந்தத் தாள் அவருக்கும் உறுதி தருகிறது. நேர்மையானவர் அதில் கையொப்பமிடத் தயங்க மாட்டார்.